தூக்கத்தில் மூச்சு நிற்பவர்களுக்கு: மிஷினைப் பரணில் போட்டுவிடாதீர்கள்

தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்கு டாக்டர் மிஷின் எழுதிக் கொடுத்தும், நான்கு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவோர் பலர்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்று வழி அடைபடுகிறது. பத்து விநாடி, சில நேரம் அதற்கு மேலும் மூச்சு நிற்கிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. இரவெல்லாம் இப்படியே நடப்பதால் ரத்த அழுத்தம் ஏறும். பகலில் கண் சொக்கும். காரவள்ளியிலிருந்து மலையேறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வண்டி ஓட்டுபவர் ஒரு நொடி கண்ணயர்ந்தால் என்னவாகும்?

‘சீபேப்’ எனப்படும் இந்த முறையை 1980-ல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் கண்டறிந்தார். மிஷின் அறையின் காற்றையே லேசான அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை அடைபடாமல் காக்கிறது.

மூச்சு முட்டுவது போல் இருந்தால்: பகலில் விழித்திருக்கும்போதே அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள். அழுத்தம் மெதுவாக ஏறும் வசதி பல மிஷின்களில் உண்டு.

தாடி உள்ளவர்கள்: மாஸ்க் ஓரத்தில் காற்று கசியலாம். மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் மாஸ்க் சரிப்படுமா என்று கேளுங்கள்.

மூக்கு, தொண்டை உலர்ந்தால்: காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பயன்படுத்துங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள்.

ரமலானில்: சஹருக்குப் பின் படுத்தாலும், பகலில் உறங்கினாலும் மாட்டிக்கொள்ளுங்கள்.

மிஷின் நோயைக் குணமாக்காது. மாட்டும் வரைதான் காக்கும். அழுத்தத்தை நீங்களாக மாற்றாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பழகச் சில வாரம் ஆகலாம். வீட்டார் கேலி செய்யாமல் துணை நின்றால், இன்ஷா அல்லாஹ், பழகிவிடும்.