ஐந்து வருடம் காத்திருக்கும் முதல்

போட்ட முதல் திரும்ப ஐந்து வருடமாகும் என்றால் எந்த வியாபாரியும் ஒரு தடவை யோசிப்பார். இங்கிலாந்தில் 'புளூபெல்' என்ற நீலப்பூச் செடியை விதையிலிருந்து வளர்த்து விற்போரின் நிலை இதுதான்.

இது ஒரு காட்டுப் பூ. ஏப்ரல், மே மாதங்களில் பழைய காடுகளின் தரையே நீலமாகிவிடும். மரங்கள் இலைவிட்டு நிழல் அடர்வதற்கு முன்னரே வளர்ந்து பூத்துவிடும். கோடையில் இலை வாடும். சின்ன வெங்காயம் போன்ற கிழங்கு மண்ணுக்குள் உயிரோடிருந்து அடுத்த வருடம் முளைக்கும்.

வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க மர நிழலும், உக்கிய இலை கலந்த ஈரமான மண்ணும் போதும். நீர் தேங்கக்கூடாது. இலையுதிர் காலத்தில் கிழங்கைச் சுமார் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் நட வேண்டும். பூத்த பின் இலையை வெட்டக்கூடாது. கிழங்கின் அடுத்த வருட உணவை இலைதான் சேர்க்கிறது.

சிக்கல் வியாபாரத்தில்தான் இருக்கிறது. விதை முளைத்துப் பூக்க ஏறத்தாழ ஐந்து வருடம் செல்லும். அதுவரை நிலமும் கூலியும் முடங்கிக் கிடக்கும். காட்டில் தோண்டி எடுப்பவனுக்கோ இந்தச் செலவு எதுவுமில்லை. அவனோடு நேர்மையான உற்பத்தியாளர் விலையில் போட்டியிட முடியாது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் 1998இல் இச்செடி சேர்க்கப்பட்டது. காட்டில் தானாக வளர்ந்த கிழங்கை, காணிச் சொந்தக்காரரே ஆனாலும், அனுமதிப்பத்திரமின்றி விற்பது குற்றம்.

இன்னொன்று கலப்படம். ஸ்பானிய இனமும் இதே பெயரில் கைமாறுகிறது. இங்கிலாந்து இனத்தின் தண்டு ஒரு பக்கமாக வளையும், இலை ஒடுக்கம், மகரந்தம் வெண்மஞ்சள், மணம் அதிகம். ஸ்பானிய இனம் நிமிர்ந்து நிற்கும், இலை அகலம், மணம் குறைவு. இரண்டும் அருகருகே வளர்ந்தால் கலப்பினம் உண்டாகி, சுதேச இனம் கெடும்.

ஆகவே கொள்முதல் செய்பவர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எங்கே வளர்ந்தது? யார் வளர்த்தது? சரியான தாவரப் பெயர் என்ன? பதில் இல்லாமல் விலை மட்டும் மலிவாக இருந்தால் விலகிக்கொள்வதே நல்லது.

குளிர்காலம் தேவைப்படும் இச்செடி எமது நாட்டுக்குரிய பயிரல்ல. ஆனால் இந்த மூன்று கேள்விகளும் எமது கடைக்கு வரும் எந்தச் சரக்குக்கும் பொருந்தும்.