பிடியரிசியும் நூற்கட்டும்

பொதுப்பணிக்கு நிதி திரட்டுதல் நம்மவர்க்குப் புதிதன்று. உலையிடும் அரிசியில் ஒரு பிடியை நாள்தோறும் எடுத்துவைத்து அறப்பணிக்கு அளிக்கும் பிடியரிசி வழக்கத்தை நம் தாய்மார் நன்கறிவர். மட்டக்களப்புக் கோயில்களிலே திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடியார் பொறுப்பேற்று நடத்துவதும் இவ்வழிப்பட்டதே. ஆயினும், திரட்டிய பணத்தை எவ்வகையிற் செலவிட்டால் அதன் பயன் நிலைத்து நிற்கும் என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

கிழக்கே கடலும் மேற்கே வாவியும் சூழ அமைந்த ஊர் குருக்கள்மடம். இங்கிருந்து வாவியைக் கடந்தால் படுவான்கரையின் அம்பிளாந்துறையை அடையலாம். கல்முனை செல்லும் இதே பெருந்தெருவிலே, தெற்கே, கைத்தறிக்குப் பெயர்பெற்ற மருதமுனை இருக்கின்றது. 1960ஆம் ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் இலங்கையிற் கைத்தறித் தொழில் செழித்தது. 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டதும், மலிவான ஆலைத்துணியின் முன் அது தளர்வுற்றது. பின்னர் 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், இப்பகுதியிற் பல குடும்பங்களின் சுமையைப் பெண்கள் தலையிலேயே ஏற்றிவிட்டன.

தறியில் அமரும் பெண்ணுக்குக் குறைவது உழைப்பன்று. நூல் வாங்கும் முதலே. முதலில்லாதவள் வணிகரிடம் நூலைக் கடனாகப் பெறுகின்றாள். நெய்த துணியை அவர் குறிக்கும் விலைக்கே கொடுக்கின்றாள். நூலின் விலை கழிந்தபின் எஞ்சுவது சொற்பக் கூலி. ஆகவே, ஒருநாள் அன்னதானத்தோடு தீர்ந்துபோகும் பணத்தினும், நூற்கட்டாக மாறித் துணியாகி விலையாகி மீளும் பணமே அவளுக்குப் பெருந்துணையாகும்.

கடல் கடந்த குவாத்தமாலா நாட்டை நோக்குவோம். அங்கு மாயா இனப் பெண்கள், தறியின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ பிணைத்து, மறுமுனையைத் தம் இடுப்பிற் பட்டையால் கட்டிக்கொண்டு நெய்கின்றனர். உடலின் சாய்வே பாவை இறுக்கவும் தளர்த்தவும் செய்கின்றது. 1960 முதல் 1996 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அவர்களுட் பெரும்பாலோர் மாயா மக்கள். கணவரை இழந்த பெண்கள் நெசவுக் கூட்டுறவுகளை அமைத்தனர். பிறநாட்டு ஊர்களில் அன்பர்கள் விருந்தும் விற்பனையும் நடத்தி, அவர்தம் துணிகளை வாங்கியும், கிராமச் சிறார் கல்விக்கு உதவியும் வருகின்றனர்.

ஏழைப் பெண்கள் தாமே முதல் திரட்டவும் வல்லர். அகமதாபாத்தில் இளா பட் அம்மையார் 1972இல் தொடங்கிய சேவா சங்கத்தினர் 1974இல் ஒரு வங்கியையே நிறுவினர். நாலாயிரம் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் இட்ட பங்குப்பணமே அதன் அடிப்படை.

இம்முறையை நம் சிற்றூர்களிலும் கையாளலாம். ஊரார் திரட்டும் நிதியிலிருந்து நூலை மொத்தமாக வாங்கி நெசவுப் பெண்களுக்குக் கொடுக்க வேண்டும். துணி விற்றதும் நூலின் விலை நிதிக்குத் திரும்பும். அடுத்தவள் அதனைப் பெறுவாள். கணக்கை ஊர்கூடிய இடத்தில் உரக்க வாசித்தல் இன்றியமையாதது. ஐயம் புகுந்த நிதி நெடுநாள் வாழாது. வாங்குவோரும் இரக்கத்தாலன்றித் துணியின் தரத்துக்காக வாங்குமாறு நெசவு திருந்துதல் வேண்டும்.

சிறார் நிலையும் இதனோடு பிணைந்ததே. நம் நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். எனினும் அப்பியாசக் கொப்பிக்கும், காலணிக்கும், பயணத்துக்கும் பணம் வேண்டும். தாயின் கையில் நியாயமான கூலி இருப்பின், பிள்ளை பிறர் வாசலிற் கையேந்தி நிற்கவேண்டியதில்லை. நேயர்களே, அடுத்தமுறை உங்களூரில் நிதி திரட்டும்போது, எவ்வளவு சேர்ந்தது என்பதோடு, எத்தனை முறை அது சுற்றிவரும் என்பதையும் கேளுங்கள்.