ஃப்ரீன்னா போர்ச்சுகீஸ்ல என்ன?

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு வார்த்தை: 'ஃப்ரீ'.

ஒரு பார்க்கிங் ஆப்பை பிரேசிலுக்குக் கொண்டுபோறோம்னு வெச்சுக்கோங்க. ஆப்ல வர்ற இங்கிலீஷ் வார்த்தைகள் எல்லாம் ஒரு ஃபைல்ல வரிசையா இருக்கும். அதுல ஒரு வரி, வெறும் 'ஃப்ரீ'. அது எந்த ஸ்கிரீன்ல வருதுன்னு மொழிபெயர்க்கிறவருக்குத் தெரியாது. 'கிராட்டிஸ்'னு போட்டா, காசு வேண்டாம்னு அர்த்தம். 'லிவ்ரே'ன்னு போட்டா, இடம் காலின்னு அர்த்தம். காலி இடத்துக்கு மேல 'கிராட்டிஸ்'னு வந்தா, வண்டிக்காரர் நிம்மதியா நிறுத்திட்டுப் போவார். திரும்பி வந்தா பில் காத்திருக்கும்.

இதோட முடியல. 'ஷுகர் ஃப்ரீ'ன்னா அங்க 'செம் அசூகார்', அதாவது சர்க்கரை இல்லாம. ரெண்டு சொல்லுமே அங்க வராது. இலக்கணமும் இருக்கு. 'கிராட்டிஸ்' எப்பவும் மாறாது. 'லிவ்ரே' பன்மையில 'லிவ்ரெஸ்' ஆகும். காசில்லைங்கிறதுக்கு இன்னொரு சொல்லான 'கிராட்டுய்ட்டோ', பெண்பால் பெயர்ச்சொல்லோட சேர்ந்தா 'கிராட்டுய்ட்டா' ஆகும். ஒரே வரியை எல்லா ஸ்கிரீனுக்கும் ஓட்ட முடியாது.

இந்தப் பிரிவு பல நேரம் வசதியும்கூட. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ல க்னூ திட்டத்தை அறிவிச்சார். அந்த 'ஃப்ரீ சாஃப்ட்வேர்'ல இருக்கிற ஃப்ரீ, சுதந்திரத்தைக் குறிக்குது, விலையை இல்லைன்னு இங்கிலீஷ்ல இன்னைக்கும் விளக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. போர்ச்சுகீஸ்ல 'சாஃப்ட்வேர் லிவ்ரே'ன்னாலே விஷயம் புரிஞ்சிடும். விக்கிப்பீடியாவும் அங்க 'என்சிக்ளோபீடியா லிவ்ரே'. நம்ம தமிழ் விக்கிப்பீடியா 'கட்டற்ற கலைக்களஞ்சியம்'. இலவசம்னு போடாம, கட்டுப்பாடு இல்லாததுன்னு சரியான அர்த்தத்தைப் பிடிச்சிருக்காங்க.

அதுக்காக லிவ்ரேன்னா காசுக்கே சம்பந்தமில்லைன்னும் முடிவு பண்ணிடாதீங்க. நிகழ்ச்சி போஸ்டர்ல 'என்ட்ராடா லிவ்ரே'ன்னு இருந்தா, டிக்கெட் வாங்காம உள்ள போகலாம்னும் அர்த்தம் வரும். எந்த சொல்லோட சேர்ந்து வருதுங்கிறதுதான் கணக்கு.

அப்போ டெவலப்பர் என்ன செய்யணும்? விலைக்கு ஒரு கீ, காலி இடத்துக்கு ஒரு கீ, ஸ்டோரேஜுக்கு ஒரு கீன்னு பிரிச்சு வைங்க. கெட்டெக்ஸ்ட் மாதிரி டூல்கள்ல ஒவ்வொரு வரிக்கும் கான்டெக்ஸ்ட் சேர்க்க தனி இடமே இருக்கு. "பார்க்கிங் ஸ்லாட் காலியா இருக்கிறதைச் சொல்லுது"ன்னு ஒரு குறிப்பு எழுத பத்து செகண்ட் போதும். அது இருந்தா, மொழிபெயர்க்கிறவர் ஊகிக்க வேண்டியதில்லை.

உங்க ப்ராஜெக்ட் ஃபைல்ல இப்படி ஒத்தையா நிக்கிற வார்த்தைகளை இந்த வாரம் தேடிப் பாருங்க. 'ஓப்பன்', 'ரைட்' ரெண்டுல இருந்து ஆரம்பிக்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!