எங்கள் வீட்டு மணியும் 14 ஊசியும்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், என் மனைவி, என் தாயார், எட்டு வயது மகன், மணி.

மணி ஒரு நாய். ஆனால் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒரு நாள் தெரியாத்தனமாக, "நாய் எங்கே?" என்று கேட்டுவிட்டேன். "அதுக்குப் பேர் இருக்குல்ல, அப்பா?" என்றான் மகன். அன்று முதல் நானும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் நல்ல மழை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் பையைத் திண்ணையில் வைத்தான். பைக்குள் ஏதோ முனகியது. திறந்து பார்த்தால், கணக்குப் புத்தகத்துக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவே ஒரு நாய்க்குட்டி!

"மழை விடுற வரைக்கும்தான் அப்பா" என்றான்.

மழை அன்று ராத்திரியே விட்டுவிட்டது. மணி இன்னும் போகவில்லை.

புளித்த தயிர்

"நாய் நடுவீட்டுக்குள்ள வரப்படாது" என்பது என் அம்மா போட்ட சட்டம். மணியும் அந்தச் சட்டத்தை மதித்து, அடுக்களை வாசலிலேயே படுத்துக்கொள்ளும். தினமும் மத்தியானம் ஒரு கைப்பிடி தயிர்ச்சோறு அங்கே வந்துவிடும். ஏன் என்று கேட்டால், "தயிர் புளிச்சுப் போச்சுய்யா, வீணாப் போகுமேன்னு வச்சேன்" என்பார் அம்மா. எங்கள் வீட்டில் தினமும் சரியாக ஒரு கைப்பிடிச் சோற்றுக்கு வேண்டிய தயிர் மட்டும் புளித்துப் போகிறது!

என் மனைவிக்கும் மணியால் ஓர் உதவி உண்டு. குக்கர் மூன்றாவது விசில் அடித்ததும் மணி குரைக்கும். உடனே அவள் அடுப்பை அணைத்துவிடுவாள். விசிலை எண்ணும் வேலை அவளுக்கு இல்லை.

காவல் விஷயம் மட்டும் சரியில்லை. பால்காரரைக் கண்டால் வாலை ஆட்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைக் கண்டால் காலை நக்கும். பத்திரிகை ஆபீசில் வேலை முடித்து, நள்ளிரவில் வீட்டுக்காரன் நான் வந்தால் தெருவே எழுந்திருக்கும்படி குரைக்கும்!

கத்திரி வெயிலில் முழுக்கைச் சட்டை

இப்படி இருக்கும்போது, சென்ற கோடை விடுமுறையில் ஒன்று நடந்தது.

கத்திரி வெயில் கொளுத்துகிறது. என் மகனோ மாமா கல்யாணத்துக்குத் தைத்த முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தான். இரண்டு நாளாயிற்று. தூங்கும்போதும் கழற்றவில்லை. "பையனுக்கு அழகு பார்க்கும் வயது வந்துவிட்டது" என்று நான் சிரித்தேன்.

சனிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்க்க ஆச்சி கூப்பிட்டார். அவன் சட்டையைக் கழற்ற மறுத்தான். அம்மா விடவில்லை. சட்டை கழன்றது. முழங்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு நீளக் கீறல்!

"மணி பல்லு பட்டுட்டு ஆச்சி. அவன் மேல தப்பு இல்ல. நான்தான் எலும்பைப் பிடுங்கினேன்" என்று அழத் தொடங்கினான்.

"ஏன்ல சொல்லலை?" என்று கேட்டேன்.

அவன் இரண்டு காரணம் சொன்னான். ஒன்று, "நீங்க மணியை எங்கேயாவது கொண்டு போய் விட்டுருவீங்க." இன்னொன்று, "தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்கன்னு ஆச்சி சொல்லியிருக்காங்க."

அது உண்மைதான். அம்மாவின் தம்பிக்குச் சின்ன வயதில் அப்படிப் போட்டார்கள். அந்தக் கதையைப் பேரனுக்கு அம்மா பல தடவை சொல்லியிருக்கிறார்.

அதற்குள் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். "மிளகாய்ப் பொடி வையுங்க" என்றார் ஒருவர். "சுண்ணாம்பு தடவுங்க" என்றார் இன்னொருவர். என் மனைவி யார் பேச்சையும் கேட்கவில்லை. பையனைக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்கினாள். கழுவிக்கொண்டே என்னைப் பார்த்து, "மணிக்கு இந்த வருஷ ஊசி போட்டாச்சாங்க?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்லவில்லை. அந்த ஊசிக்கான தேதி பங்குனியிலேயே தாண்டிவிட்டது. "அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு" என்று எட்டு ஞாயிறைத் தள்ளிவிட்டேன். ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை புத்தி சொல்லி எழுதுகிறவன் நான்!

டாக்டர் சொன்னது

அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் அம்மாள் கோபிக்கவில்லை. "இரண்டு நாள் தாமதம்தான். ஆனாலும் வந்தீர்களே! எத்தனை நாள் தள்ளிப் போயிருந்தாலும் வந்துவிட வேண்டும்" என்றார்.

பிறகு விளக்கமாகச் சொன்னார். நாய் கடித்தாலும், பல்லோ நகமோ பட்டுக் கீறினாலும், உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. ஊசி இப்போது கையில்தான். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். முதல் நாள் போட்ட பிறகு, அதிலிருந்து 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் போட வேண்டும். ரத்தம் வந்த காயமானால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். என் மகனுக்கு ரத்தம் வரவில்லை.

"14 ஊசி?" என்று மெதுவாகக் கேட்டான் பையன்.

டாக்டர் சிரித்தார். "அது உன் ஆச்சி காலத்து ஊசி. ஆட்டு மூளையிலிருந்து செய்தது. நம் நாட்டில் அதைத் தயாரிப்பதை 2004-ம் ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள்" என்றார்.

அவனுக்கு ஒரு கதையும் சொன்னார். 1885-ம் வருடம் ஜூலை 6-ந் தேதி, பாரிஸ் நகரத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை லூயி பாஸ்டரிடம் கொண்டு வந்தார்கள். பெயர் ஜோசப் மைஸ்டர். வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்திருந்தது. அதுவரை நாய்களிடம் சோதித்துப் பார்த்த தம் மருந்தை அவனுக்குப் போடச் செய்தார் பாஸ்டர். 13 ஊசி! பையன் பிழைத்தான். பெரியவனானதும் பாரிஸில் பாஸ்டர் பெயரால் உள்ள நிலையத்திலேயே காவலாளியாக வேலை பார்த்தான். நம் குன்னூரிலும் பாஸ்டர் நிலையம் உண்டு. அது 1907-ல் தொடங்கியது.

"அவனுக்கு 13, உனக்கு நாலு நாள்தான்" என்றார் டாக்டர். பையன் கையை நீட்டினான்.

பத்து நாள் காவல்

"நாயை விரட்டிவிடாதீர்கள். 10 நாள் கட்டிப்போட்டுக் கவனியுங்கள்" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

இதுவரை எங்களை மணி காவல் காத்தது. இப்போது மணியை நாங்கள் காவல் காத்தோம். அம்மா மணிக்கு ஒரு தடவை கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, "பயப்படுதா பாரு" என்பார். தண்ணீரைக் கண்டு மிரள்வது நோய் கண்ட மனிதர்களுக்குத்தான், நாய்க்கு அது அடையாளமல்ல என்று டாக்டர் சொல்லியிருந்தார். குணம் மாறுகிறதா, விழுங்க முடியாமல் எச்சில் வடிகிறதா, தாடை தொங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

பகலில் சிரித்துக்கொண்டே பார்த்தோம். ராத்திரியில் சிரிப்பு வரவில்லை. இந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது என்பது எனக்குத் தெரியும். மகன் தூங்கிய பிறகு அவன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த எட்டு ஞாயிறும் கண் முன்னே வரும்.

பத்தாவது நாள் இரவு வேலை முடிந்து வந்தேன். மணி என்னைப் பார்த்துத் தெருவே எழுந்திருக்கும்படி குரைத்தது. அந்தக் குரைப்பைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை!

மறுநாள் காலையிலேயே மணியைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அங்கே மணி அழவில்லை. 28-ம் நாள் ஊசியின்போது என் மகனும் அழவில்லை. இரண்டு இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டவன் நான்தான்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புதிய சட்டம். நாயோ பூனையோ பல்லோ நகமோ பட்டால் உடனே சொல்ல வேண்டும். சொன்னால் திட்டு இல்லை, அடி இல்லை, மணியையும் விரட்டமாட்டோம். அம்மாவும் 14 ஊசிக் கதையை நிறுத்திவிட்டு, ஜோசப் மைஸ்டர் கதையைச் சொல்கிறார். பெயர் மட்டும் வாயில் வரவில்லை. "பாரிஸ் பையன்" என்கிறார்.

உங்கள் வீட்டு மணிக்கு இந்த வருடத்து ஊசி போட்டாயிற்றா? இன்று ஞாயிற்றுக்கிழமைதான். அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். அடுத்த ஞாயிறு என்று தள்ளாதீர்கள்!