தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தாலும் குழந்தையைக் காக்கலாம்

 

"கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. மருந்தைக் கொடுத்து சோதித்துப் பார்க்கிறார்களாமே, ஹஜ்ரத்? அந்த மாத்திரையை நம்பிச் சாப்பிடலாமா?" ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. இந்தப் பயத்தில் ஒரு தாய் மாத்திரையை நிறுத்திவிட்டால், ஆபத்து அவருக்கு மட்டுமல்ல, வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும்தான். எனவே விஷயத்தைத் தெளிவாகப் பார்ப்போம்.

சிகிச்சை எடுக்காவிட்டால், எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று ஏற்படலாம். கர்ப்ப காலத்திலும், பிரசவத்தின்போதும், தாய்ப்பால் மூலமும் இது பரவும். அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. ஜிடோவுடின் என்ற ஒரே மருந்து, தொற்றும் அளவை 25 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்திருந்தது.

பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் குறையுமா? இதை அறியவே 'பிராமிஸ்' ஆய்வு நடந்தது. இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகள் ஆறும் இதில் பங்கேற்றன. நம் நாட்டில் புனே பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் இது நடந்தது. சுமார் 3,500 கர்ப்பிணிகள் சேர்ந்தனர். ஜிடோவுடினை முதன்மையாகக் கொண்ட பழைய முறையில் 1.8 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்றியது. மூன்று மருந்து முறையில் அது 0.5 சதவீதம்தான். ஆனால் மூன்று மருந்து எடுத்தவர்களிடம் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் அதிகமாக இருந்தன. ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, 2016இல் சேர்த்தே வெளியிட்டார்கள். அதனால்தான் இன்னும் நல்ல கூட்டு மருந்தைத் தேடும் வேலை தொடர்ந்தது.

2018இல் டோலுடெக்ராவிர் என்ற புதிய மருந்தைப் பற்றி போட்ஸ்வானாவிலிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. கருவின் முதுகுத்தண்டு பாதிக்கப்படலாம் என்றார்கள். ஆயிரக்கணக்கான பிரசவங்களைத் தொடர்ந்து கவனித்ததில் அந்த அச்சம் உறுதிப்படவில்லை. இந்தியா உட்பட 9 நாடுகளில் 643 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. டோலுடெக்ராவிர் எடுத்தவர்களில் 98 சதவீதத்தினருக்குப் பிரசவ நேரத்தில் இரத்தத்தில் கிருமி கட்டுக்குள் இருந்தது. பழைய மருந்தில் அது 91 சதவீதம்.

இன்று அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் டோலுடெக்ராவிர் அடங்கிய கூட்டு மாத்திரை, தினம் ஒன்று, இலவசமாகத் தரப்படுகிறது. இது சோதனை மருந்தல்ல, சோதனைகளைக் கடந்து வந்த மருந்து. ஆய்வில் யாரையும் அவர் அறியாமல் சேர்க்கக் கூடாது. எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமையும் உண்டு.

நம் பகுதிக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கணவர் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்வார், மனைவி பிரசவத்துக்கு ஆனேக்கல், பெங்களூரு, கோலார் பக்கம் தாய்வீட்டுக்குப் போவார். மாநில எல்லை தாண்டியதும் மாத்திரை நின்றுவிடக் கூடாது. புறப்படும் முன்பே மையத்தில் சொன்னால், அங்குள்ள மையத்துக்கு மாற்றித் தருவார்கள்.

ஒவ்வொரு கர்ப்பத்திலும் தொடக்கத்திலேயே அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கணவரும் செய்துகொள்ள வேண்டும். முடிவை வெளியில் சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் பாதுகாப்பு தருகிறது. சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம்.

ரமலானில் மாத்திரை நேரத்தைத் தாமாக மாற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு நோன்பில் அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான் (அல்குர்ஆன் 2:185).

கடைசியாக, ஜமாஅத்தாருக்கு ஒரு வார்த்தை. "இந்த நோய் எப்படி வந்தது?" என்று நாம் துருவித் துருவிக் கேட்டால், அந்தத் தாய் மருத்துவமனைப் பக்கமே போக மாட்டார். நாம் நாவைக் காத்துக்கொண்டால் ஒரு குழந்தை தப்பிக்கும். அந்தத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தருவானாக!