மலேசியத் தெருக்கடை உணவும் நம் மருந்துப் பெட்டியும்

செட்டிகுளம், ஆலத்தூர், பாடாலூர்ப் பகுதிகளிலிருந்து நம் மருத்துவமனைக்கு வருவோரில், மகனோ மகளோ மலேசியாவில் பணிபுரியும் பெற்றோர் பலர் உள்ளனர். திருச்சியில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கிவிடலாம். ஆகையால் பயணத்தைப் பற்றி அவர்களுக்குப் பெரிய அச்சமில்லை. மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போது, சற்றுத் தயங்கி அவர்கள் கேட்பது வேறொன்று: "அங்கே கடைகளில் சாப்பிடலாமா ஐயா?"

'கூடாது' என்று சொல்லிவிடுவது மருத்துவருக்கு எளிது. ஆனால் அந்த விடை பயன் தருவதில்லை. காலை உணவுக்கே குடும்பத்தோடு கடைக்குச் செல்வது மலேசியரின் வழக்கம். அந்நாட்டின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024ஆம் ஆண்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பேரப்பிள்ளைகள் சுற்றி அமர்ந்து உண்ணும் மேசையில் தாத்தா மட்டும் வெந்நீர் அருந்திக்கொண்டிருப்பது நடவாத காரியம். தடை விதிக்கப்பட்டவர் மறைவாக உண்பார். உண்டதை மருத்துவரிடம் சொல்லவும் மாட்டார். அதனினும், தட்டில் என்ன இருக்கிறது என்று அறிந்து உண்பது மேல்.

அந்தத் தட்டு நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. கடையைக் குறிக்கும் 'கெடாய்' என்னும் மலாய்ச் சொல் தமிழிலிருந்து சென்றது. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்களை 'மாமாக்' கடைகள் என்பர். அப்பெயர் நம் 'மாமா'விலிருந்து வந்தது. கடையநல்லூர், இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து பினாங்குக்குச் சென்றோர், தோளில் தண்டு வைத்து இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றனர். அத்தண்டு 'கண்டார்', அச்சோறு 'நாசி கண்டார்'. ஆப்பம் அங்கே 'அப்போம்'. இடியாப்பம் 'புத்து மாயம்' என்ற பெயரில் தேங்காய்த் துருவலோடும் பனைவகைச் சர்க்கரையோடும் கிடைக்கிறது. சம்பலுக்கு அரைக்கும் சின்ன வெங்காயமும் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனதாக இருக்கக்கூடும். செட்டிகுளத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தூய்மையைப் பற்றியே முதலில் கேட்பர். மலேசியாவில் உணவைக் கையாளும் பணியாளர்கள் அதற்கான பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டு விதி. உள்ளாட்சி அமைப்புகள் கடைகளுக்கு ஏ, பி, சி எனத் தரம் வழங்குகின்றன. அந்த அட்டையைச் சுவரில் காணலாம். எனினும் நான் அட்டையைவிட அடுப்பையே நம்புவேன். பினாங்கின் கர்னி கடற்கரையோரக் கடைகளில் சில மாலைகள் நின்று பார்த்திருக்கிறேன். பெருந்தீயில் வாணலியை வைத்து, நாம் கேட்ட பின்னரே அரிசி நூடுல்ஸைப் புரட்டிச் சுடச்சுடத் தருகிறார்கள். கிருமிகளின் கணக்கில் அது, ஆடம்பர விடுதியில் காலை முதல் வெதுவெதுப்பாகக் காத்திருக்கும் குழம்பைவிடப் பாதுகாப்பானது. சமைத்த உணவு 60 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 5 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் பெருகும். சோறும் இதற்கு விலக்கன்று. வடித்து நெடுநேரம் வெளியில் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி உண்டாக்கும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே நாசி கண்டாரை ஆவி பறக்கும் நேரத்தில், கூட்டம் மிகுந்த கடையில் உண்பதே முறை.

ஒன்றை மட்டும் உறுதியாகவே மறுப்பேன். 'சார் குவே தியாவ்' என்னும் வறுத்த நூடுல்ஸில் 'கெராங்' என்ற சிப்பியைச் சேர்ப்பர். அதை அரைவேக்காட்டில் இடுவதே சுவை என்பது உள்ளூர்க் கொள்கை. 1988ஆம் ஆண்டு சீனாவின் ஷாங்காய் நகரில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ மஞ்சட்காமாலை பரவியதற்கு இவ்வினத்துச் சிப்பியே காரணம். கல்லீரல் நோயுள்ளோரும், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உண்போரும் 'கெராங் வேண்டாம்' என்று சொல்லி வாங்க வேண்டும். 'தக் மாவ் கெராங்' என்றால் கடைக்காரர் புரிந்துகொள்வார்.

இனி நீரிழிவு. 2019ஆம் ஆண்டு மலேசியத் தேசிய ஆய்வில், வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 'தே தாரிக்' என்னும் ஆற்றிய தேநீரைக் கண்டால் காரணத்தின் ஒரு பகுதி விளங்கும். அதில் ஊற்றப்படுவது இனிப்பூட்டிய சுண்டிய பால். சர்க்கரையைத் தனியே பிரிக்க இயலாது. 'கூராங் மானிஸ்' என்றால் இனிப்பு குறைவு. நம் 'குறை'யோடு ஒலி ஒத்திருப்பதால் மறவாது. 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர். ரொட்டி சானாய் ஒன்றில் ஏறத்தாழ 300 கலோரி உண்டு. நான்கைந்து இட்லிக்கு ஈடு. ஒன்றோடு நிறுத்திப் பருப்புக் குழம்பைக் கூடுதலாகக் கேட்கலாம். நாசி கண்டார்க் கடையில் ஐந்தாறு குழம்புகளைச் சோற்றின்மேல் வெள்ளமாக ஊற்றுவர். 'குவா ஆசிங்' என்றால் குழம்பைத் தனியே தருவர். எண்ணெயும் உப்பும் அதனாலேயே பெரிதும் குறையும்.

மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் இன்சுலின் அளவை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டு, கடை தேடி ஒரு மணி நேரம் அலைவது தாழ்சர்க்கரையை வரவழைக்கும். தட்டு மேசைக்கு வரும் வேளையில் மாத்திரை போதும். இன்சுலினைக் கைப்பையிலேயே கொண்டுசெல்ல வேண்டும். சரக்கறைக் குளிரில் அது உறைந்து கெடலாம்.

சிறுநீரக நோயாளர்களும் உடன் செல்வோரும் இப்பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். மலேசியப் பழக்கடைகளில் 'பெலிம்பிங்' என்னும் நட்சத்திரப் பழம் எளிதாகக் கிடைக்கும். குறுக்கே நறுக்கினால் ஐந்து முனை விண்மீன் போலிருக்கும் மஞ்சள் பழம். சாறாகவும் விற்பர். சிறுநீரகம் நன்றாக உள்ளவர் அளவோடு உண்டால் தீங்கில்லை. சிறுநீரகம் செயலிழந்தோர் உடலில் அதன் நச்சு வெளியேறாது தங்கி மூளையைத் தாக்கும். முதலில் நில்லாத விக்கல். பிறகு மனக்குழப்பம், வலிப்பு. உயிருக்கும் இறுதி நேரலாம். டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஒரு துண்டும் உண்ணலாகாது. உண்ட பின் விக்கல் தொடங்கினால், அது நிற்கட்டும் என்று காத்திராமல் உடனே டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இளநீரிலும் டுரியான் பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. அவையும் இவர்களுக்கு ஆகா. லக்சா போன்ற உணவுகளில் நூடுல்ஸை உண்டு சாற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவிடலாம்.

ஒவ்வாமை உள்ளோர்க்கு இரு சொற்கள்: 'காச்சாங்' என்றால் நிலக்கடலை, 'ஊடாங்' என்றால் இறால். சம்பலில் கலக்கும் 'பெலாச்சான்' இறால் விழுதே, கண்ணுக்குத் தெரியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் வயிற்றுப்போக்கு வரலாம். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நான்கைந்து பெட்டியில் இருக்கட்டும். இல்லாதபோது ஒரு லிட்டர் தூய நீரில் தட்டையாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளோர் இதற்கு அஞ்ச வேண்டா. சர்க்கரை இன்றி உப்பைக் குடல் நன்கு ஈர்க்காது. பலரும் அறியாத ஆபத்து வேறு. வாந்தியும் பேதியுமாக உடல் வற்றும்போது டெல்மிசார்டன், எனலாபிரில், ஃபுரோசமைடு, மெட்ஃபார்மின், டபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றை வழக்கம்போல் விழுங்கினால் சிறுநீரகம் பழுதுறலாம். இரத்தத்தில் அமிலம் மிகலாம். எவற்றை எத்தனை நாள் நிறுத்துவது, எதை நிறுத்தவே கூடாது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். புறப்படும் முன்னரே கேட்டு, மருந்துச்சீட்டின் பின்புறத்தில் எழுதி வாங்கிச் செல்லுங்கள். இன்சுலினைத் தாமாக நிறுத்துதல் கூடாது. மலத்தில் இரத்தமோ கடுங்காய்ச்சலோ இருந்தால் பேதியை அடக்கும் மாத்திரைகளைத் தொடாமல் அங்குள்ள மருத்துவரைக் காண வேண்டும்.

தூக்க மாத்திரை, வலிநிவாரணி உண்போர், மருந்தின் மூலப்பெயர் எழுதிய கடிதத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். பயணத்திற்கு நான்கு வாரம் முன்னதாகப் புறநோயாளர் பிரிவுக்கு வந்தால், ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு தடுப்பூசிகள் தேவையா என முடிவு செய்ய நேரமிருக்கும். ஊர் திரும்பிய பின் காய்ச்சல் கண்டால், மலேசியா சென்று வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். டெங்கு பெரும்பாலும் கொசு கடித்த இரு வாரத்திற்குள் வெளிப்படும். டைபாய்டு ஒன்று முதல் மூன்று வாரத்தில். ஹெபடைடிஸ் ஏ 50 நாள் வரைகூடக் காத்திருக்கும்.