யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம்

நோயாளிகள் சங்கம் என்றால் மருந்துக்குப் பணம் திரட்டும், ரத்தத்துக்கு ஆள் பிடிக்கும், ஆறுதல் சொல்லும், அவ்வளவுதானே என்கிறீர்கள். டீயைக் குடியுங்கள், கிளிவெக் வழக்கைச் சொல்கிறேன்.

அது சி.எம்.எல். எனும் ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை; நோவார்ட்டிஸ் நிறுவனத்துடையது. அப்போது மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய் ஆனது. அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் 8,000, 10,000 ரூபாய்க்குத் தந்துகொண்டிருந்தன. மருந்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998-இல் போட்ட விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நிலுவையில் இருந்தது. காப்புரிமை கிடைத்துவிட்டால் மலிவு மாத்திரைகள் கடையை விட்டே போய்விடும்.

மும்பையில் இயங்கும் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் இதற்காக மறியல் செய்யவில்லை, மனு எழுதியது. காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு. சிப்லா, நாட்கோ போன்ற நிறுவனங்களும் ஆட்சேபித்தன. அவற்றுக்கு அது வியாபாரம். விற்பதற்கு எதுவுமில்லாமல் வந்து நின்றது சங்கம்தான்.

வாதம் என்னவென்றால், மூல மருந்து ஏற்கெனவே தெரிந்தது. நோவார்ட்டிஸ் கேட்டது அதன் இன்னொரு படிக வடிவத்துக்கு. பழைய வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுப் புதுப் பத்திரம் கேட்பது போல. பலன் கூடினால் தவிர, தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை என்று 2005-இல் திருத்தப்பட்ட 3(டி) பிரிவு சொல்கிறது. உடல் 30 சதவீதம் கூடுதலாக உறிஞ்சுகிறது என்றது நிறுவனம். 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், கூடுதலாக உறிஞ்சினால் போதாது, நோய் தீர்க்கும் பலன் கூடியதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு முடித்துவைத்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நோவார்ட்டிஸ் ஏராளமான நோயாளிகளுக்கு அந்த மாத்திரையை இலவசமாகவே கொடுத்துவந்தது. அப்புறம் ஏன் வழக்கு என்று கேட்டவர்கள் உண்டு. இலவசத்தை யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று நிறுவனம்தான் தீர்மானிக்கும். விலை இறங்கினால் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். அதனால் சங்கம் செய்தது சரி என்பேன். (மருந்து நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நோயாளிகள் அமைப்புகளும் உலகில் நிறைய. எந்த அமைப்பு பேசினாலும் வரவுக் கணக்கை முதலில் கேளுங்கள்.)

பிறகு இதே வழியில் ஆட்சேபம் வந்தது காசநோய் மருந்தான பெடாக்குவிலினுக்கு. 2019-இல் ஆட்சேபித்தவர்கள் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா திசிலேயும். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய சிகிச்சையில் செவித்திறனை இழந்தவர்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அந்த மருந்தின் மீது 2027 வரை நீட்டிக்கப் பார்த்த உரிமை 2023 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டது. மூலக் காப்புரிமை ஜூலையில் முடிந்ததும் மற்ற நிறுவனங்களும் தயாரிக்க வழி பிறந்தது.

2024-இல் காப்புரிமை விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். இப்போது ஆட்சேபிக்கக் கட்டணம் உண்டு. மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலில் பார்ப்பார். வீண் மனுக்களைத் தடுக்கவாம்.